கல்லிவல்லியாக இருந்த மூன்று வருடம்

(கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் தம்பி வீட்டுக்கு வந்து, "அண்ணே, கள்ளத்தனமா நாட்டுக்குள்ள வாறவங்களப் பத்தி யாராவது பேசணும், ஊர்ல இப்போ அதுதானே பேச்சு" என்று சொன்னபோது, நானே பேசுகிறேன் என்றேன். ஏனென்றால் நான் அப்படி இருந்தவன். 2004 முதல் 2007 வரை ஷார்ஜாவில். கல்ஃபில் இருந்துவிட்டு வந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். பேப்பர் இல்லாமல் ஒளிந்து வாழ்கிறவனுக்கு அங்கே பெயர் கல்லிவல்லி என்பது உங்களுக்குத் தெரியும்.

கம்பெனி விசாவில் எலக்ட்ரீசியனாகப் போனேன். நாலு மாதம் சம்பளம் வரவில்லை. பாஸ்போர்ட் கம்பெனி கையில். ஒரு நாள் ராத்திரி பையை எடுத்துக்கொண்டு சாடிவிட்டேன், அதாவது கம்பெனியை விட்டு ஓடிவிட்டேன். அப்புறம் மூன்று வருடம் கிடைத்த வேலை, கிடைத்த கூலி. ஒரு அறையில் ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை நம் ஆட்கள் எல்லாம் ரோலா சதுக்கத்தில் கூடுவார்கள், நான் அந்தப் பக்கமே போனதில்லை. கதவை யாராவது கொஞ்சம் பலமாகத் தட்டினால் வயிறு கலங்கும்.

ஒன்றே ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, தாடை வீங்கி, ஒரு கண் பாதி மூடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் பத்தாக்காவை, அதாவது அடையாள அட்டையை, கேட்பார்கள். காலாவதியான பத்தாக்காவை எப்படிக் காட்டுவது? பதினோரு நாள் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டு, கஞ்சித் தண்ணீரை ஸ்பூனில் குடித்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் அறையில் இருந்த திரூர்க்காரர் ஒருவர் சுத்தியல் பிடியில் துணியைச் சுற்றி என்னைக் கடிக்கச் சொல்லி, ஊசியைத் தீயில் காட்டிக் கீறிவிட்டார். பேப்பர் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அந்தப் பதினோரு நாளைத்தான் சொல்வேன்.

2007 ஜூனில் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். அபராதம் இல்லாமல் ஊருக்குப் போகலாம். கொளுத்தும் வெயிலில் வரிசையில் நின்று, கண்ணை ஸ்கேன் எடுத்து, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அவுட்பாஸ் என்ற ஒரு தாளை வாங்கிக்கொண்டு திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினேன்.

ஊரில் ஒருத்தரும் என்னைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. "பாவம், பயல ஏமாத்திப்போட்டானுவ" என்றார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இன்றைக்கு மேடையில் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வராதபோது தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம் என்று அறையில் இருந்தவர்கள் சொன்னார்கள். கேஸ் முடியும்வரை யார் காத்திருப்பது என்று நினைத்தேன். அதோடு, வெளியே ஒருவர் இரண்டு மடங்கு கூலி தருவதாகச் சொல்லியிருந்தார். தெரிந்துதான் சாடினேன். சம்பளம் கொடுக்காதது கம்பெனியின் குற்றம். அதற்குப் பிறகு ஒளிந்து வாழ்ந்த மூன்று வருடத்தில் என் பங்கு என்னுடையது. அதை யார் தலையிலும் நான் கட்ட மாட்டேன்.

சரி, இனி நம் ஊருக்கு வருவோம். திரும்பி வந்து சில வருடம் கழித்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டட வேலைக்கு வந்த நாலு பையன்கள் வடை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் இருந்த ஒருவர், "எல்லாம் வங்கதேசத்துக்காரன், அடிச்சுத் தொரத்தணும்" என்றார். அந்தப் பையன்கள் ஒடிசாக்காரர்கள், எனக்குத் தெரியும். இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய்க் குடியிருக்க அவர்களுக்கு அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு உரிமை கொடுத்திருக்கிறது, எனக்கும் உங்களுக்கும் கொடுத்திருப்பதைப் போலவே. நான் வாயைத் திறக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஷார்ஜாவில் ஒளிந்திருந்ததைவிட அந்த டீக்கடையில் வாய்மூடி இருந்ததற்குத்தான் எனக்கு வெட்கம் அதிகம்.

உண்மையிலேயே எல்லை தாண்டி, போலி ஆதார் வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டாம். ஒரு நாடு தன் வாசலைக் காவல் காப்பதில் தப்பே இல்லை. ஆனால் விசாரித்து, பேப்பரைப் பார்த்து, அரசாங்கம் சட்டப்படி செய்ய வேண்டிய வேலை அது. முகத்தையும் பேச்சையும் வைத்து பெஞ்சில் உட்கார்ந்து நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா 104 இந்தியர்களைக் கைவிலங்கு, கால்விலங்கு போட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டு இறக்கியது. நமக்கெல்லாம் நெஞ்சு கொதித்தது. அவர்களைத் திருப்பி அனுப்பியதற்காக நாம் கொதிக்கவில்லை, விலங்கு போட்டதற்காகத்தான். அந்த வித்தியாசம் நமக்குப் புரிகிறது அல்லவா? இங்கே வருகிறவனுக்கும் அதே அளவுகோலை வைக்க வேண்டும்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் மாவட்டத்தில் பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அரசு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, நல்ல காரியம். ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் செய்த திருத்தத்தின்படி, பேப்பர் இல்லாமல் வந்தவரும், அனுமதிக் காலம் முடிந்தும் தங்கியவரும் சட்டவிரோதக் குடியேறி. ஷார்ஜாவில் நான் இருந்த நிலை அந்த இரண்டாவது வகை. குண்டுக்குத் தப்பிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படகில் வந்த அம்மா முதல் வகை. இருவருக்கும் ஒரே பெயர்.

அந்த அம்மாவுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளைப் பாருங்கள். நம் சட்டப்படி, 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பெற்றோர் யாராக இருந்தாலும் பிள்ளை இந்தியக் குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் அப்பா அல்லது அம்மா இந்தியராக இருக்க வேண்டும். ஆக, 1986இல் பிறந்த அண்ணன் குடிமகன், அதே வீட்டில் 1988இல் பிறந்த தம்பி அந்நியன். தம்பி செய்த தப்பு என்ன? இரண்டு வருடம் தாமதமாகப் பிறந்தது. பொறுப்பு, பொறுப்பு என்கிறோமே, இதில் அவன் ஏற்க வேண்டிய பொறுப்பு எது? எனக்கு இருந்தது, நான் தெரிந்து செய்தேன். அவனுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் என்னைப் பாவம் என்ற ஊர், அவன் வாடகைக்கு வீடு கேட்டால் "முகாம் ஆளா?" என்று இழுக்கிறது.

இதே ஊரார் கண்முன்னே எத்தனை ஏஜெண்டுகள் நடமாடுகிறார்கள்! வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983ஆம் வருடத்துச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டும்தான் வாங்கலாம். நாம் எவ்வளவு கொடுக்கிறோம்? விளை நிலத்தை விற்று, தாலியை அடகு வைத்து லட்சக் கணக்கில் கொடுக்கிறோம். பயலை விசிட் விசாவில் ஏற்றி விடுகிறார்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாதா? பல வீடுகளில் தெரியும். தெரிந்தே அனுப்புகிறோம். நாளைக்கு அவன் பிடிபட்டால் ஏஜெண்டைத் திட்டுவோம். அந்த ஏஜெண்டுக்குப் பணம் எண்ணிக் கொடுத்த கை நம் கை.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு தம்பி வந்தான். வயது இருபத்திரண்டு. கையில் விசிட் விசா. "போனா வேலை விசாவா மாத்திக் குடுப்பாங்களாம் அண்ணே" என்கிறான். உட்கார வைத்து, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தைத் திறந்து, பதிவு பெற்ற முகவர்களின் பட்டியலில் இரண்டு பேருமாகத் தேடினோம். அவன் சொன்ன பெயர் இல்லை. வேறு மாதிரி எழுத்துக்கூட்டியும் தேடினோம். இல்லை. அவன் அம்மா பக்கத்தில் நின்று கொண்டிருந்தார், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் கிடந்தது.

நாளைக்குக் காலையில் பணத்தைத் திருப்பிக் கேட்க அந்த ஏஜெண்டிடம் போகிறோம். நானும், அவனும், அவன் அம்மாவும். மூன்று பேர் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு கருங்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.