ஐந்துக்கு ஐந்து போட்ட அக்காவும் மூணேகால் பஸ்ஸும்

(போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. தலைப்பு அவர்கள் கொடுத்தது: போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பதை நோயாளிகள் ஏற்றுக்கொள்கிறார்களா, அதை எப்படி அளப்பது? மேடையில் விழுங்கிய சில வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் ஐயா அவர்களே, எங்கள் ஓய்வூதியர் சங்கச் செயலாளர் அவர்களே, ஊர் முழுக்க யாருக்கு எந்த மாத்திரை என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லும் செவிலியர் தங்கச்சி அவர்களே, இந்த நாற்காலிகளை இலவசமாகக் கொடுத்த பந்தல் கடைக்காரர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் டீ குடிக்கும்போது திட்டிக்கொள்ளலாம். எனக்குப் பொன்னாடைக்குப் பதிலாக ஈரிழைத் துண்டு போர்த்தினார்கள். ரொம்ப சரி, நாளைக்குக் குளிக்க ஆகும்.

நான்கு விஷயம் சொல்லப்போகிறேன். என்ன கேட்பது, யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது, கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

நான் 34 வருஷம் கணக்கு வாத்தியார். மதிப்பெண் போட்டே காலம் போனது. ஒரு வகுப்பில் 40 பேரும் நூற்றுக்கு நூறு வாங்கினால், பையன்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள் என்று நான் நினைக்க மாட்டேன், கேள்வித்தாளை எடுத்து மறுபடி பார்ப்பேன். போன் வைத்தியம் பற்றி 'திருப்தியா, திருப்தி இல்லையா' என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் திருப்தி என்றுதான் சொல்வார்கள். நம் ஆட்களுக்கு டாக்டரைக் குறை சொல்ல வாய் வராது, அதுவும் காசு வாங்காத டாக்டரை.

இதற்கு ஒரு பழமொழி இருக்கிறது, என்னிடம் படித்தவர்களுக்குக் காது புளித்திருக்கும்: ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. கரும்பாலை இல்லாத ஊர்க்காரனிடம் போய் இலுப்பைப் பூ இனிக்கிறதா என்று கேட்டால் இனிக்கிறது என்றுதானே சொல்வான்?

2020 மார்ச் 25, நாடே ஊரடங்கில் உட்கார்ந்த அதே நாளில்தான் தொலைவழி மருத்துவத்துக்கான நெறிமுறையும் வந்தது. அடுத்த மாசமே வீட்டிலிருந்து டாக்டரிடம் பேச, அரசின் போன், வீடியோ வைத்தியச் சேவையான இ-சஞ்சீவனியில் ஓ.பி.டி., அதாவது புறநோயாளிப் பிரிவு, வந்துவிட்டது. 2023 பிப்ரவரிக்குள் இ-சஞ்சீவனி மொத்தத்தில் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. நல்ல காரியம், நான் மறுக்கவில்லை, எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும். ஆனால் அது எத்தனை தடவை பேசினார்கள் என்ற எண்ணிக்கை. ஏற்றுக்கொண்டார்களா என்பது வேறு கணக்கு. அந்த நெறிமுறையிலேயே, நோயாளியே அழைத்தால் சம்மதம் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. சட்டத்துக்கு அது போதும். மனசுக்குப் போதுமா?

சரி, இப்போது எங்கள் அக்கா கதை. அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

அக்காவுக்கு 74 வயது, இருபது வருஷமாகச் சர்க்கரை. மாசிப் பட்டம் முடிந்த சமயம், காலில் முள்ளோ கல்லோ குத்திக் குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு புண். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் போகிற பஸ் இருக்கிறது, திரும்பி வருகிற பஸ் இல்லை (இதைப் பிறகு பேசுகிறேன், நன்றாகவே பேசுகிறேன்). பேரன் காலேஜ் படிக்கிறான், அவன் சொன்னான், "ஆத்தா, போன்லயே டாக்டரைப் பாத்துக்கலாம்". அக்கா என்ன செய்தாள்? குளித்தாள், விபூதி வைத்தாள், பெட்டியில் கிடந்த சுங்கிடிச் சேலையை எடுத்துக் கட்டினாள், திண்ணையைக் கூட்டிவிட்டு அங்கே உட்கார்ந்தாள். டாக்டர் வருகிறார் அல்லவா! பேரன் போனை நீட்டிப் பிடித்தான். அந்தப் பக்கம் ஒரு சின்ன வயசுப் பெண் டாக்டர், தங்கமான பேச்சு. "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று முதல் கேள்வி. அங்கேயே அக்கா விழுந்துவிட்டாள். பதிலுக்கு "நீ சாப்பிட்டியா சாமி?" என்று இவள் கேட்க, அதிலேயே ஒரு நிமிஷம் போனது. பிறகு டாக்டர், "எங்க, காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்றதும் அக்கா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். பேரன் போனைக் கீழே கொண்டுபோகிறான், இவள் இன்னும் உள்ளே இழுக்கிறாள். "அட, வைத்தியம் பாக்கற மகராசி மொகத்துக்கு நேரா காலை நீட்டறதா? நல்லாவா இருக்குது?" கடைசி வரைக்கும் காட்டவில்லை. "பரவாயில்லைங்க, சின்னக் காயந்தானுங்க, ஆறிப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டாள். ராத்திரி நாலு தடவை ஒன்றுக்கு எழுந்திருப்பதையும் சொல்லவில்லை. பேரன் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வாள்?

மூன்றாம் நாள் ஒரு போன் வந்தது. சேவை எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்றார்கள். அக்கா கேட்டாள், "அஞ்சுக்கு மேல இல்லீங்களா?"

மறுநாள் வீட்டுக்கு வந்த செவிலியர் தங்கச்சி, இதோ மேடையில் இருப்பவர்தான், காலைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துப் பார்த்தார். உள்ளே சீழ் கோத்திருந்தது. அப்புறம் மூன்று வாரம் கட்டு. அந்த டாக்டர் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கோ ஒரு கணினியில் எங்கள் அக்கா இன்றைக்கும் ஐந்துக்கு ஐந்தாக உட்கார்ந்திருக்கிறாள்.

ஆக, என்ன கேட்பது? 2017-ல் இங்கிலாந்தில் செகான், கார்ட்ரைட், பிரான்சிஸ் என்ற மூன்று பேர் 'ஏற்பு' என்ற ஒற்றைச் சொல்லை ஏழாகப் பிரித்தார்கள். மனசுக்குப் பிடித்ததா, எவ்வளவு சிரமப்பட்டீர்கள், உங்கள் நெறிக்கு ஒத்துவந்ததா, இது எப்படி நடக்கிறது என்று புரிந்ததா, இதற்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள், பலன் தரும் என்று நம்புகிறீர்களா, தனியாக உங்களால் செய்ய முடியுமா. அக்காவை இந்த ஏழில் வைத்துப் பாருங்கள். பிடித்ததா என்றால் ஐந்து. தனியாக முடியுமா என்றால் சைபர், பேரன் இல்லாவிட்டால் போனே இல்லை. அந்த மூன்றாவது, நெறி, அதில்தான் கால் சேலைக்குள் போனது. ஏழையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி போட்டால் இது எதுவும் தெரியாது. கணக்கு வாத்தியார் சொல்கிறேன், சராசரியை ரொம்ப நம்பாதீர்கள்.

யாரிடம் கேட்பது? பேசி முடித்தவர்களிடம் மட்டும் கேட்டால், லைன் கிடைக்காமல் வைத்துவிட்டவர், போனே இல்லாதவர், வேண்டாம் என்று சொன்னவர் எல்லாரும் கணக்கில் வரமாட்டார்கள். இங்கிலாந்தில் 2008-ல் கார்ன்வால், கென்ட், நியூஹாம் ஆகிய மூன்று இடங்களில் நோயாளியின் உடல்நிலையை வீட்டிலேயே கருவி வைத்துக் கண்காணிக்கும் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் எனக்குப் பிடித்த காரியம், சேர மறுத்தவர்களையும் பாதியில் விலகியவர்களையும் தேடிப்போய் ஏன் என்று கேட்டதுதான். கருவியை இயக்கத் தெரியுமா என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, என் உடம்பை நானே பார்த்துக்கொள்கிறேன், நான் ஒன்றும் அவ்வளவு முடியாதவன் இல்லை என்ற ரோஷமும், இப்போது கிடைக்கிற கவனிப்பு கலைந்துபோய்விடும் என்ற கவலையும் இருந்தன. இதைத்தான் நம் ஊரில் "இதைக் கொடுத்துட்டு அதைப் புடுங்கிக்குவாங்க" என்கிறோம். அங்கேயும் அதே புத்திதான்.

தலைவர் அம்மா துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார்கள், ஐந்து நிமிஷமாம். எப்போது கேட்பது என்பதை இன்னொரு நாள் பார்ப்போம். யாரிடம் என்பதோடு சேர்ந்த வேறு ஒன்றை, நோயாளி பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004-லிருந்து கிராமங்களில் பார்வை மையங்கள் நடத்துகிறது. டாக்டர் திரையில்தான் வருகிறார். ஆனால் நோயாளி பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண் நின்று, கருவியில் மோவாயை வைக்கச் சொல்லி, கண்ணைப் பார்த்து, படம் எடுத்து அனுப்புகிறார். அந்த ஒரு ஆள் இருந்திருந்தால் அக்காவின் கால் வெளியே வந்திருக்கும்.

நான்காவது, பதிலை வைத்து என்ன செய்வது. இங்கேதான் பஸ் வருகிறது. சிரிக்காதீர்கள். நான்கு வருஷம் முன்பு வரைக்கும் டவுனிலிருந்து மூணேகாலுக்கு நம் ஊருக்கு ஒரு பஸ் இருந்தது. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, முடிவு வாங்கி, மாத்திரை வாங்கி வெளியே வந்தால் சரியாக அந்த பஸ். அதை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது ஆறரைக்கு, அதுவும் நம் ஊருக்குப் பிரியும் விலக்கு வரைக்கும்தான், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் இருட்டில் நடை. அதற்கப்புறம்தான் நம் ஊரில் போன் வைத்தியம் பிரபலமாயிற்று. ஆலை இல்லா ஊர் என்றேனே, ஆலையை மூடிவிட்டு, பார் எல்லாரும் இலுப்பைப் பூவை விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று அறிக்கை எழுதினால் எப்படி? அந்த ஏழு கேள்வியோடு எட்டாவதாக ஒன்று சேர்க்கச் சொல்கிறேன்: பஸ் இருந்தால் போன் வைத்தியத்தைக் கேட்டிருப்பீர்களா, நேரில் போயிருப்பீர்களா?

எனக்கு இரண்டும் வேண்டும். மாசா மாசம் அதே மாத்திரைக்குப் போன் போதும், அதற்குப் போய் ஒரு நாள் கூலியை விடச் சொல்ல மாட்டேன். புண்ணுக்கு பஸ் வேண்டும்.

மருத்துவ அலுவலர் ஐயா போக்குவரத்து தன் துறை இல்லை என்று தலையை ஆட்டுகிறார், தெரியும் ஐயா, ஆனாலும் நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் அதற்கு ஒரு எடை உண்டு. கையெழுத்துப் படிவம் டீ மேஜையில் இருக்கிறது. 212 பேர் போட்டிருக்கிறார்கள், 300 ஆனதும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், போன தடவை மாதிரி அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.