பட்டுப்புடவை கட்டினால் ஏர்போர்ட்டில் பீப் அடிக்குமா? செக்யூரிட்டி செக்கில் சிக்காமல் போக எதை உடுத்தலாம்?

(திரையில்: மெட்டல் டிடெக்டர் வாசல். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் அதை நோக்கி நடந்து வருகிறார். வாசலுக்கு ஒரு அடி முன்னால் காட்சி அப்படியே நிற்கிறது.)

வணக்கம். காலையில் கல்யாணம், மாலையில் விமானம். உடை மாற்ற நேரமில்லை. கட்டியிருப்பது காஞ்சிபுரம் பட்டு, முந்தானை முழுக்க ஜரிகை. அசல் ஜரிகை என்றால் அதற்குள் வெள்ளி இருக்கிறது, வெள்ளிக்கு மேல் தங்க முலாம் இருக்கிறது. இந்தப் புடவையோடு ஏர்போர்ட் செக்யூரிட்டி வாசலுக்குள் போனால் பீப் அடிக்குமா, அடிக்காதா?

வீடியோவைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு உங்கள் பதிலைக் கமென்டில் போடுங்கள். போட்டாச்சா? சரி. நீங்கள் எந்தப் பதிலைப் போட்டிருந்தாலும் பாதி சரி. ஏனென்றால் இதற்குச் சென்னையில் ஒரு பதில், நியூயார்க்கில் வேறொரு பதில். புடவை அதேதான், எதிரே நிற்கும் எந்திரம்தான் வேறு. ஏர்போர்ட்டுக்கு என்ன உடுத்தலாம் என்று கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நீங்கள் போகிற வழியில் எந்த எந்திரம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உடுத்துங்கள்.

பழைய கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். அறுபதுகளின் கடைசியில் விமானக் கடத்தல்கள் பெருகின. 1973 ஜனவரி 5 முதல் விமானம் ஏறும் ஒவ்வொரு பயணியையும் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்கா விதி போட்டது. பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. அவ்வளவுதான், எந்திரத்துக்கு வருவோம்.

(திரையில்: மெட்டல் டிடெக்டர் வாசலின் படம். இரண்டு பக்கத் தூண்களிலிருந்தும் அலைகள் கிளம்புகின்றன.)

நம்மூர் ஏர்போர்ட்களில் நாம் நுழைந்து போவது மெட்டல் டிடெக்டர் வாசல். இதில் எக்ஸ்ரே கிடையாது. பை போகிற பெட்டியில்தான் எக்ஸ்ரே. கர்ப்பிணிகள் நிறைய பேர் பயந்துபோய்க் கேட்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: வாசலில் இருப்பது காந்தப் புலம் மட்டும். இரண்டு பக்கத் தூண்களுக்குள்ளும் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவை விட்டு விட்டுக் காந்தத் துடிப்புகளை அனுப்புகின்றன. அந்தத் துடிப்பு ஓர் உலோகத்தில் பட்டதும் உலோகத்துக்குள் சின்னதாக ஒரு மின்னோட்டம் சுழலும். அந்தச் சுழலைத்தான் எந்திரம் பிடிக்கிறது. காந்தம் ஒட்டுகிற இரும்பை மட்டும் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். தங்கம், வெள்ளி, செம்பு, அலுமினியம் எல்லாமே மாட்டும். எது எந்த உலோகம், எது விலை உயர்ந்தது என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்போது புடவைக்கு வருகிறேன். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அசல் ஜரிகை எப்படிச் செய்கிறார்கள்? மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டி, ரிப்பன் மாதிரி ஆக்கி, பட்டு நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, அதற்கு மேல் தங்க முலாம் போடுகிறார்கள். விலை குறைந்த ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்பு. இன்னும் விலை குறைந்ததில் உலோகப் பூச்சுப் பூசிய பாலியஸ்டர். எதுவாக இருந்தாலும் இழை மிக மிக மெல்லியது. மின்னோட்டம் வட்டமாகச் சுழல இடம் வேண்டும். முடி அளவு இழையில் அதற்கு இடம் எங்கே இருக்கிறது? அதனால் வாசல் பெரும்பாலும் சத்தம் போடாது. முந்தானையில் எத்தனை கிராம் வெள்ளி இருந்தாலும், அது இழை இழையாகப் பிரிந்து கிடக்கிறது.

இதே வெள்ளியை ஒரு வளையலாகச் செய்து கையில் போட்டால் கதை வேறு. வளையல் மூடிய வட்டம். மின்னோட்டம் சுற்றி ஓடப் பாதை தயாராக இருக்கிறது. ஒட்டியாணம் இன்னும் மோசம், இடுப்பைச் சுற்றி அவ்வளவு பெரிய வட்டம். ஆக, பட்டுப்புடவைக்காரர்களை மாட்டிவிடுவது புடவை இல்லை. ஒட்டியாணம், அடுக்கு வளையல், கனமான கொலுசு, முந்தானையில் குத்திய பெரிய ஊக்கு, உள்ளாடையில் இருக்கும் கம்பி. இவைதான். பாவாடை நாடாவை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு துளி உலோகம் கிடையாது.

சரி, சென்னைக்குப் பதில் கிடைத்துவிட்டது. இப்போது அதே புடவையோடு அமெரிக்காவில் ஓர் ஏர்போர்ட்டுக்குப் போகலாம்.

(திரையில்: கண்ணாடி அறை போன்ற ஸ்கேனர். உள்ளே ஒருவர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறார்.)

அங்கே பெரும்பாலும் உங்களை நிற்க வைப்பது பாடி ஸ்கேனர். 2009 டிசம்பர் 25 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடையில் வெடிமருந்து மறைத்துக் கொண்டுவந்தான். உலோகமே இல்லாத வெடிமருந்தை மெட்டல் டிடெக்டரால் பிடிக்க முடியாது. அதன் பிறகுதான் இந்த ஸ்கேனர்கள் வேகமாகப் பரவின.

இது அனுப்புவது மில்லிமீட்டர் அலை. கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருமே, அந்த மாதிரி இந்த அலை துணியைத் தாண்டிப் போய், தோலில் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வரும் விதத்தை வைத்து உடம்பின் மேல் என்ன இருக்கிறது என்று எந்திரம் கணக்குப் போடுகிறது. இதற்கு உலோகம் தேவையில்லை. தோலுக்கு மேல் தடிப்பாக எது இருந்தாலும் சந்தேகம்தான்.

இங்கேதான் ஜரிகை மாட்டுகிறது! அமெரிக்காவில் இருக்கும் ஸ்கேனரின் அலை நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஜரிகை இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியோ அதில் ஒரு சின்னப் பங்குகூட இல்லை. அதனால் அலைக்கு அது நூல் வரிசையாகத் தெரியாது, தகடாகத்தான் தெரியும். மெட்டல் டிடெக்டர் கண்டுகொள்ளாமல் விட்ட அதே முந்தானையை, ஸ்கேனர் நெஞ்சில் கட்டிய தகடு என்று நினைத்துவிடும். எனக்கு இந்தத் தலைப்பிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

ஜரிகை இல்லாத பருத்திப் புடவைக்கும் அங்கே நிம்மதி இல்லை. கொசுவத்தை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் ஒரே இடத்தில் அத்தனை மடிப்பு. மடிப்புக்கும் இந்த எந்திரத்துக்கும் பழைய பகை உண்டு. 2010 செப்டம்பரிலிருந்து 2011 ஜூலை வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் ஏர்போர்ட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுமார் 8 லட்சம் பேர் உள்ளே போய் வந்தார்கள். தவறான எச்சரிக்கைகள் அவ்வளவு வந்தன. காரணம் ஜாக்கெட்டின் மடிப்பு, ஒன்றின் மேல் ஒன்று போட்ட உடை, ஜிப், பூட்ஸ். அப்போதைக்கு இது வேண்டாம் என்று ஜெர்மனி தள்ளி வைத்துவிட்டது. ஒரு கோட்டு மடிப்புக்கே இந்தப் பாடு என்றால் ஆறு கெஜத்துக்கு எவ்வளவு! பிறகு வந்த மென்பொருள் எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் மடிப்பு, வியர்வையில் நனைந்த துணி, தடித்த கொண்டை ஆகியவற்றில் அது இன்னும் தடுமாறும்.

தடுமாறினால் என்ன ஆகும்? திரையில் பொதுவான ஒரு மனித உருவம் வரும், சந்தேகம் வந்த இடத்தில் மஞ்சள் கட்டம் விழும். அந்த இடத்தை மட்டும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். பெண்ணைப் பெண் அதிகாரிதான் தொட வேண்டும். கூச்சமாக இருந்தால் தனி அறை கேட்கலாம், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். இது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். நம் உடம்பு அப்படியே தெரியுமோ என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உடல் வடிவத்தைக் காட்டிய பழைய எக்ஸ்ரே ஸ்கேனர்களை 2013-க்குள் அமெரிக்க ஏர்போர்ட்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது தெரிவது எல்லோருக்கும் ஒரே பொம்மை உருவம்.

ஆக, அமெரிக்கா போகிற அம்மா, அத்தை, பாட்டிகளுக்கு என் சிபாரிசு: உடம்போடு ஒட்டிய பருத்திச் சுடிதார், ஜரிகை, சம்கி, கல் வேலை எதுவும் இல்லாமல். புடவைதான் கட்டுவேன் என்றால் தாராளமாகக் கட்டுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஜரிகை இல்லாததைக் கட்டுங்கள், ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டிலும் இந்த ஸ்கேனரை வைக்க 2019-லேயே உத்தரவு வந்தது. 2025-ல் டெல்லியில் சோதித்துப் பார்த்தார்கள். நாளைக்குச் சென்னைக்கும் வரும்.

இதுவரை பிடித்திருந்தால் ஒரு லைக் போடுங்கள், அடுத்த மாதம் விமானம் ஏறப்போகிற சொந்தக்காரருக்கு அனுப்புங்கள். மீதியை வேகமாகப் பார்க்கலாம்.

(திரையில்: ட்ரேயில் பெல்ட், வாட்ச், சாவிக் கொத்து.)

ஆண்கள். ஜீன்ஸில் இருக்கும் செம்புப் பொத்தான்கள் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பெல்ட் பக்கிள்தான் பிரச்சினை. எலாஸ்டிக் வைத்த பேன்ட் போட்டால் பெல்ட்டே வேண்டாம். வேட்டி கட்டுகிற பெரியவர்கள் அதற்கு மேல் அகலமான பச்சை பெல்ட் போடுவார்கள், அதில் பர்ஸ், சில்லறை, பக்கிள் எல்லாம் இருக்கும். அதற்குப் பதில் ஒட்டிக்கொள்ளும் வேட்டி கட்டிக்கொண்டு, பணத்தைக் கைப்பையில் வைத்துவிடலாம். நம்மூரில் நிறைய பேருக்கு மறந்துபோகும் இன்னொன்று, இடுப்பில் இருக்கும் வெள்ளி அரைஞாண். பிறந்ததிலிருந்து இருப்பதால் அது நினைவிலேயே இருக்காது. கையில் பிடிக்கும் டிடெக்டர் இடுப்புக்கு வந்ததும் கத்தும். "அரைஞாண்கொடி" என்று சொல்லிச் சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினால் முடிந்தது. அதில் தாயத்து கோத்திருந்தால் உள்ளே என்ன என்று கேட்பார்கள், ஏனென்றால் அது மூடிய குப்பி. பயணத்துக்கு மட்டும் கறுப்புக் கயிறு அரைஞாணுக்கு மாறிவிடலாம்.

குழந்தைகள்: வெள்ளிக் கொலுசு, காப்பு, அரைஞாண், நடந்தால் லைட் எரியும் ஷூ. அந்த ஷூவுக்குள் பேட்டரியும் கம்பியும் இருக்கின்றன. சாதாரணச் செருப்பு போட்டு அழைத்துப் போங்கள்.

காலணி பற்றி ஒரு நல்ல செய்தி. 2001 டிசம்பர் 22 அன்று பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்த ஒருவனைப் பயணிகளும் பணியாளர்களும் சேர்ந்து அமுக்கினார்கள். அதை வைத்து 2006 முதல் அமெரிக்காவில் எல்லோரும் ஷூவைக் கழற்ற வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தோல் ஷூ, ஹீல்ஸ் இவற்றின் அடியில் வளையாமல் இருக்க ஒரு ஸ்டீல் பட்டை வைத்திருப்பார்கள், அது பீப் அடிக்கும். கேன்வாஸ் ஷூ, ரப்பர் செருப்பு நல்லது. சாக்ஸ் மட்டும் மறக்காதீர்கள். கழற்றச் சொன்னால் வெறும் காலில் நிற்க வேண்டாம்.

மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்கள் தளர்வான பேன்டோ வேட்டியோ போடுங்கள். முழங்காலில் பீப் அடிக்கும்போது தழும்பைக் காட்டச் சுலபம். டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வாசலுக்குள் நுழையும் முன்பே அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும்.

உண்மையையும் சொல்ல வேண்டும். இந்திய ஏர்போர்ட்களில் வாசல் பீப் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், அப்புறம் ஒரு சின்ன மேடையில் ஏற்றிக் கை டிடெக்டரால் எல்லோரையும் பார்ப்பார்கள். பெண்களுக்குத் திரை மறைவில். அந்தச் சோதனையிலிருந்து எந்த உடையும் தப்பிக்க வைக்காது. நல்ல உடை போட்டால் அது பத்து நொடியில் முடியும், இல்லாவிட்டால் நான்கு தடவை திரும்பி நிற்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதில் நான் பிடிவாதக்காரன். பீப் அடித்துவிடுமோ என்று பயந்து தாலிச் செயினையும் வளையலையும் கழற்றி ட்ரேயில் போடாதீர்கள். ட்ரே ஒரு பக்கம் நகரும், நீங்கள் இன்னொரு வரிசையில் நிற்பீர்கள். உங்களுக்குப் பின்னால் வரும் பத்து பேர் அதே இடத்தில் தங்கள் பைகளை அள்ளிக்கொண்டிருப்பார்கள். தாலியைக் கழற்ற வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. கழுத்திலேயே இருக்கட்டும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒட்டியாணம், கனமான நெக்லஸ் போன்றவற்றை வீட்டிலேயே கழற்றி, ஹேண்ட் பேக்கின் உள் ஜிப்பில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வாட்ச், சில்லறை, சாவி எல்லாவற்றையும் வரிசையில் நிற்கும்போதே பைக்குள் போட்டுவிட்டால், ட்ரேயில் தனியாகக் கிடக்க எதுவும் இருக்காது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சாங்கியின் முதல் மூன்று டெர்மினல்களிலும் திரும்பி வரும்போது செக்யூரிட்டி செக் நடப்பது போர்டிங் கேட் வாசலில். விமானம் புறப்படப்போகிற நேரத்தில் பெல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், கேட்டுக்குக் கிளம்பும் முன்பே கழற்றிப் பையில் வையுங்கள்.

கொழும்பு, கோலாலம்பூர், துபாய் வழியாகப் போய் வருகிற நண்பர்களே, உங்கள் ஏர்போர்ட்டில் வாசலா, ஸ்கேனரா? செருப்பைக் கழற்றச் சொல்கிறார்களா? கமென்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் தொகுத்துப் பின் செய்கிறேன். அடுத்த வீடியோ அம்மா கொடுத்துவிடும் ஊறுகாய் பாட்டிலைப் பற்றி. அது கைப்பையில் போகுமா, போகாதா என்று பார்க்கலாம்.