மரத்தின் மைனஸ் கணக்கு

வணக்கம் நேயர்களே. ஒரு சின்ன மரத்துண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். இப்போதுதான் அறுத்த பச்சை மரத்தில் ஒரு துண்டை வெட்டி, தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்வோம். அப்புறம் 103 டிகிரி செல்சியஸ் சூட்டில், எடை இனிமேல் குறையாது என்கிற வரைக்கும் காயவைத்து மறுபடியும் நிறுப்போம். சில மரங்களில் கட்டையைவிட அதற்குள் இருந்த தண்ணீர்தான் கனமாக இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை, திரும்பவும் நிறுத்துப் பார்த்தேன்.

மரத்தில் செய்த கட்டுமானப் பொருள்கள் சுற்றுச்சூழலை எவ்வளவு பாதிக்கின்றன என்று அளக்கும்போது இந்தக் காய்ந்த எடை ரொம்ப முக்கியம். அதில் ஏறக்குறைய பாதி கார்பன். ஒரு கிலோ கார்பன் மரத்துக்குள் சேர வேண்டுமென்றால் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் பலகை, 12 சதவீத ஈரப்பதத்தில், அதாவது காய்ந்த எடையில் 12 சதவீத அளவுக்குத் தண்ணீரோடு, 500 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தை எடுத்துவிட்டால் சுமார் 446 கிலோ. அதில் கார்பன் 223 கிலோ. அப்படியானால் அந்த மரம் வளர்ந்தபோது இழுத்துக்கொண்ட கார்பன் டை ஆக்சைடு சுமார் 818 கிலோ.

அந்த 818-ஐ மைனஸ் போட்டு விளம்பரத்தில் காட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்கு ஆகாத விஷயம். அந்தக் கார்பன் மரத்திடம் இருப்பது கட்டடம் நிற்கும் வரைக்கும்தான். இடித்த பிறகு பலகையை எரித்தால் அதே 818 காற்றுக்குத் திரும்பிவிடும். 2019-இல் திருத்தப்பட்ட இ.என். 15804 என்கிற ஐரோப்பியத் தரவிதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: தொடக்கத்தில் மைனஸ் போட்டால் கடைசிக் கட்டத்தில் பிளஸ்ஸும் போட்டாக வேண்டும், மரத்திலிருந்து வந்த கார்பனைத் தனி வரியில் காட்ட வேண்டும். காட்டை அழித்துக் கொண்டுவந்த மரத்துக்கு அந்த மைனஸ் சலுகையே கிடையாது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, உண்மையில் செலவு எங்கே ஆகிறது? அறுக்கிற ரம்பத்தைவிட உலர்த்துகிற சூளைதான் அதிக எரிசக்தியைத் தின்னும். கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற அந்த நீராவி முழுக்க, யாரோ எதையோ எரித்து மரத்திலிருந்து வெளியேற்றிய தண்ணீர். ஆலையின் சொந்தப் பட்டையையும் மரத்தூளையும் எரித்தார்களா, இயற்கை எரிவாயு எரித்தார்களா என்பதைப் பொறுத்து ஒரே மாதிரியான இரண்டு பலகைகளின் கணக்கு எங்கேயோ போய்விடும். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு என்றால் பசையும் சேர்ந்துகொள்கிறது. யூரியா ஃபார்மால்டிஹைடு மாதிரியான பசை எடையில் கொஞ்சம்தான், ஆனால் அது பெட்ரோலிய, எரிவாயு மூலப்பொருளிலிருந்து வருவதால் கணக்கில் அதன் பங்கு பெரிசாக இருக்கும்.

ஒரு அடிமரத்தை அறுத்தால் பலகை மட்டுமா வருகிறது? தூள், சிராய், பட்டை எல்லாம் வருகிறது, அதுவும் விலைக்குப் போகிறது. ஆலையின் பாதிப்பை எடைப்படி பிரித்தால் தூளின் தலையில் நிறைய விழும், விலைப்படி பிரித்தால் பலகையின் தலையில் விழும். இரண்டு முறையும் நேர்மையானவைதான், எதைக் கையாண்டோம் என்று எழுதிவைத்திருந்தால். எழுதாத அறிக்கையை நான் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை.

ஒரு பொருளின் இந்தக் கணக்கையெல்லாம் எழுதிவைக்கிற அறிக்கைக்கு இ.பி.டி. என்று பெயர், அதாவது தயாரிப்பின் சுற்றுச்சூழல் அறிவிப்பு. தயாரித்தவரோடு சம்பந்தமில்லாத ஒருவர் சரிபார்த்திருப்பார், வழக்கமாக 5 ஆண்டு செல்லும். உங்கள் கைக்கு ஒன்று வந்தால் முதல் பக்கத்துப் பெரிய எண்ணைத் தாண்டி, சி என்று போட்ட கட்டங்களுக்குப் போங்கள். இடிப்பது, ஏற்றிச்செல்வது, பிரிப்பது, அப்புறப்படுத்துவது எல்லாம் அங்கேதான் இருக்கும். மரத்தைக் குப்பைமேட்டில் புதைப்பதாக எழுதியிருந்தால் மீத்தேனைத் தேடுங்கள். காற்றுப் புகாத இடத்தில் மக்குகிற மரம் அதை வெளிவிடும், 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருந்தால், கொடுத்தவரிடமே காரணம் கேளுங்கள்.