வீடு முந்தி, வகுப்பறை பிந்தி

(அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், மாண்ட்கோமரி கவுண்டி என்ற மாவட்டத்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

என் மகள் இரண்டாம் வகுப்பு முழுவதையும் போர்ட்டபிளில்தான் படித்தாள். பள்ளிக்குப் பின்னால் திடலை ஒட்டி வரிசையாக நிற்குமே, அந்தத் தற்காலிக வகுப்பறை. மரச் சரிவுப் பாதையில் ஏறி உள்ளே போகவேண்டும். கழிப்பறை பெரிய கட்டடத்தில். ஜனவரிக் குளிரில் ஏழு வயதுப் பிள்ளை கோட்டு மாட்டி, துணைக்கு ஒருத்தியை அழைத்துக்கொண்டு, உறைபனியில் நடந்து, பூட்டிய கதவின் முன் மணியடித்து நிற்கவேண்டும். அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். காலையில் நிரப்பி அனுப்பிய பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வந்தது. அந்தப் பாட்டில்தான் என்னைக் கவுண்டியின் திட்ட அறிக்கைகளைப் படிக்க வைத்தது.

புது வீடுகள் வந்தன, பள்ளி நிரம்பியது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். கிளார்க்ஸ்பர்க்கைப் பார்த்தால் அது முழு உண்மை. வயல்களுக்கு நடுவே சாலையோரச் சிற்றூராக இருந்த இடம் அது. 1994-இல் அதற்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தார்கள். தனி வீடுகளும், சுவரோடு சுவர் ஒட்டிய டவுன்ஹவுஸ்களும் எழுந்தன. பிள்ளை குட்டியோடு வாழ நினைப்பவர்கள் வாங்கும் வீடுகள் அவை. நம்மவர்களும் ஏராளமாகக் குடியேறினோம். 2006-இல் உயர்நிலைப் பள்ளி திறந்தது. 2014-இல் வில்சன் விம்ஸ் தொடக்கப் பள்ளி, 2016-இல் ஹாலி வெல்ஸ் நடுநிலைப் பள்ளி, 2019-இல் ஸ்னோடன் ஃபார்ம் தொடக்கப் பள்ளி. அப்படியும் உயர்நிலைப் பள்ளி நிரம்பி வழிந்தது. ஜெர்மன்டவுனில் செனகா வேலி பள்ளியைப் பெரிதாக்கிக் கட்டி 2020-இல் திறந்தபோது, எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்ற எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். அந்த வரைபடக் கூட்டங்களில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் எப்படிப் பேசினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

சில்வர் ஸ்பிரிங் பக்கம் வாருங்கள், கதை மாறுகிறது. அங்கே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டிய வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்ட முதியவர்கள் வீட்டை விற்கிறார்கள். மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வாங்குகிறது. ஒரு செங்கல்லும் புதிதாக வைக்கவில்லை, கட்டட அனுமதி கேட்கவில்லை, புது வீடு கட்டுவோர் பள்ளிக்கென்று செலுத்தும் வளர்ச்சி வரியும் கட்டவில்லை. ஆனால் பள்ளியில் மூன்று இருக்கைகள் கூடுதலாக வேண்டும். மெட்ரோ நிலையத்தருகே உயரும் அடுக்குமாடியிலோ, ஒரு வீட்டுக்கு இத்தனை மாணவர்கள் என்று கணக்கிட்டால், தனி வீட்டைவிட மிகக் குறைவாகத்தான் வருகிறார்கள். கவுண்டித் திட்டத் துறையே வீட்டின் வகைவாரியாக இந்தக் கணக்கை வைத்திருக்கிறது.

இந்த வேறுபாட்டைப் பாராமல்தான் நெடுங்காலம் எல்லா இடத்துக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியின் பள்ளிகள், வரும் ஆண்டுகளில் கொள்ளளவில் 120 சதவீதத்தைத் தாண்டும் என்று கணிப்பு வந்தால், அங்கே புதிய வீடுகளுக்கு ஒப்புதல் நிறுத்தம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் முன்பே ஒப்புதல் பெற்ற வீடுகளை அது நிறுத்தவில்லை, பழைய வீடுகள் கைமாறுவதையும் நிறுத்த முடியாது. 2020 நவம்பரில் கவுண்டி மன்றம் அந்தத் தடையை நீக்கி, நெரிசலான இடங்களில் கட்டுவோர் கூடுதல் தொகை செலுத்தவேண்டும் என்று மாற்றியது. அது சரியான முடிவு என்பேன். நாமும் ஒரு நாள் புதுக் குடியிருப்பில் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்தாமே? பின்னால் வருபவருக்குக் கதவைச் சாத்தச் சொல்ல நமக்கு மனம் வரக்கூடாது.

ஆனால் பணம் வாங்குவதோடு வேலை முடியவில்லை. திட்டமிட்டு, நிதி ஒதுக்கி, கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். மழலை வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு மொத்தம் ஆறே ஆண்டுகள். கட்டடம் எழும்போது அவள் அந்தப் பள்ளியில் இருப்பதில்லை.

ஆகவே பள்ளிக்கான நிலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும் என்கிறேன். மாணவர் எண்ணிக்கை குறைந்த 1980-களில் இங்கே பள்ளிகளை மூடினார்கள். நார்த்வுட் உயர்நிலைப் பள்ளியை 1985-இல், வுட்வர்ட் உயர்நிலைப் பள்ளியை 1987-இல். நார்த்வுட் 2004-இல் மீண்டும் திறந்தது. அதைப் புதிதாகக் கட்டவேண்டி வந்தபோது, மாணவர்கள் 2024-இல் பழைய வுட்வர்ட் இடத்தில் எழுந்த புதுக் கட்டடத்துக்குப் போனார்கள். இவை இரண்டும் நடந்ததற்குக் காரணம், அந்த இடங்கள் பொதுக் கையில் இருந்ததுதான். விற்றுத் தொலைத்திருந்தால் இன்று எந்த விலை கொடுத்து வாங்குவது?

பள்ளிகளுக்கான ஆறாண்டுக் கட்டுமானத் திட்டத்தின் மீது கல்வி வாரியம் இலையுதிர் காலத்தில் கருத்துக் கேட்கும். கவுண்டி மன்றம் மே மாதம் முடிவெடுக்கும். அங்கே பேச உங்களுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அடுக்குமாடியை எதிர்த்து அதைச் செலவிடாதீர்கள். உங்கள் பகுதியில் பள்ளிக்கென்று எந்த மனை ஒதுக்கப்பட்டிருக்கிறது, எந்த ஆண்டு நிதி வரும் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை போர்ட்டபிளில் படித்தால் அதையும் சொல்லுங்கள். நான் அந்தத் தண்ணீர்ப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோகிறேன். உடன் வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள், யார் எதைப் பேசுவது என்று இன்றே பிரித்துக்கொள்வோம்.