டிராக் எலக்ட்ரான்களும் ஒரு காணாமப்போன ஸ்பின் லிக்விடும்

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பைப் பாத்து பயந்துராதீங்க, நான் பேசப்போறது ஒரே கேள்வியைப் பத்திதான். எலக்ட்ரான்கள் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கு, அந்தத் தள்ளல் எவ்வளவு பலமானா கரண்ட் கடத்துற பொருள் இன்சுலேட்டரா மாறும்? தண்ணி ஐஸாகுறது டெம்பரேச்சர் இறங்குறதால நடக்குது, இங்க டெம்பரேச்சருக்கு வேலையே கிடையாது. தனிச்சுழி வெப்பநிலைன்னே வச்சுக்குங்க, குவாண்டம் ஏற்ற இறக்கம் மட்டும்தான் ஆட்டத்துல இருக்கு, அதனாலதான் இதுக்கு குவாண்டம் கட்டமாற்றம்னு பேரு, கட்டம்னா பொருள் இருக்குற நிலை.

நம்ம கையில இருக்குறது ஹப்பர்ட் மாடல். எலக்ட்ரான் பக்கத்து சைட்டுக்கு, அதாவது பக்கத்து அணு இருக்குற இடத்துக்கு, தாவுறதோட அளவு டி, ஒரே சைட்ல ரெண்டு பேர் உக்காந்தா கூடுதலா ஆகுற எனர்ஜி யூ, சராசரியா சைட்டுக்கு ஒரு எலக்ட்ரான். அவ்வளவுதான், மிச்சமெல்லாம் யூவை டியால வகுத்தா வர்ற அந்த ஒத்த நம்பர்ல இருக்கு. சாதாரண சதுர லாட்டிஸ்ல, அதாவது சைட்டெல்லாம் சதுரமா அடுக்கியிருந்தா, யூ துளியூண்டு இருந்தாலே போதும், ஸ்பின்கள் (எலக்ட்ரானோட குட்டிக் காந்தம்னு வச்சுக்குங்க) மேல கீழ மேல கீழன்னு மாறி மாறி அடுக்கிக்கிட்டு ஆன்டிஃபெரோமேக்னட் ஆயிடும். ஆனா கிராஃபீன்ல, அதாவது ஒரு அணு தடிமன் கார்பன் தாள்ல, இருக்குற அறுகோண லாட்டிஸ் அப்படி மசியாது.

ஏன்னா அங்க எலக்ட்ரான் இருக்க முடியுற ரெண்டு எனர்ஜி பேண்டும் சில புள்ளிகள்ல மட்டும்தான் தொட்டுக்குது, இதை வாலஸ் 1947லயே கணக்குப் போட்டு காட்டிட்டாரு. அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல எனர்ஜி உந்தத்தோட நேர்கோட்டுல ஏறும், அதாவது எலக்ட்ரான், டிராக்ங்கற இயற்பியலாளரோட சமன்பாட்டுல வர்ற நிறையே இல்லாத துகள் மாதிரி ஓடுது, வேகம் மட்டும் ஒளியோடதுல சுமார் 300ல ஒரு பங்கு. சரி, தொடுற இடத்துல எத்தனை ஸ்டேட் இருக்கு? அடர்த்தி சைபர். தள்ளிக்கிறதுக்கு ஆளே இல்லாத இடத்துல சின்ன யூ என்னத்த பண்ணும்? அதனால யூ ஒரு எல்லையைத் தாண்டினாதான் கதையே ஆரம்பிக்கும். 1992ல சொரெல்லாவும் தொசாத்தியும் குவாண்டம் மான்டே கார்லோன்னு ரேண்டம் எண்களை வச்சு கம்ப்யூட்டர்ல போடுற கணக்கை ஓட்டி, யூவை டியால வகுத்தா அந்த எல்லை 4.5 பக்கம்னு சொன்னாங்க.

இப்ப சுவாரசியமான இடத்துக்கு வரேன். 2010ல மெங், அசாட், முராமட்சு இவங்கெல்லாம் சேர்ந்த குழு 648 சைட் வரைக்கும் போய் பாத்துட்டு, 3.5க்கும் 4.3க்கும் நடுவுல ஒரு புதுக் கட்டம் இருக்கு, எலக்ட்ரானுக்கு கேப், அதாவது கரண்டைத் தடுக்குற எனர்ஜி இடைவெளி, திறந்துருச்சு ஆனா காந்த ஒழுங்கு வரல, இது ஸ்பின் லிக்விட்னு சொன்னாங்க. பெரிய பரபரப்பு. ரெண்டே வருஷத்துல, 2012ல, சொரெல்லாவும் ஓட்சுகாவும் யுனோகியும் அதே மாடலை 2592 சைட்ல ஓட்டினா அந்தக் கட்டத்தைக் காணோம்! கேப் திறக்குறதும் காந்தம் வர்றதும் 3.87 பக்கத்துல ஒண்ணாவே நடக்குது.

முதல் குழு ஏதோ தப்பா கணக்குப் போட்டுட்டாங்கன்னு நினைக்காதீங்க. மாற்றம் நடக்குற இடத்துக்குப் பக்கத்துல காந்தத் திருப்புத்திறன், அதாவது அந்தக் காந்த ஒழுங்கோட பலம், ரொம்பச் சின்னது, அவங்க அளந்தது அதோட வர்க்கத்தை. சின்ன நம்பரை வர்க்கம் பண்ணினா இன்னும் சின்னது, லாட்டிஸும் சின்னதா இருந்தா அதுக்கும் சைபருக்கும் வித்தியாசமே தெரியாது. இதை 2013ல சரியாப் பிடிச்சது, அந்த 2010 குழுவுல இருந்த அதே அசாட்தான், ஹெர்பட்டோட சேர்ந்து. ஒரே ஒரு சைட்ல காந்தப்புலம் வச்சு ஸ்பின்னை ஆணியடிச்ச மாதிரி நிறுத்திட்டு, தூரத்துல திருப்புத்திறன் எவ்வளவுன்னு நேரடியா அளந்தாங்க, வர்க்கம் பண்ற பிரச்சனையே போச்சு. தன் பழைய முடிவையே உடைக்குற கருவியை தானே செஞ்சு கொண்டுவந்தாரே, எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது அதுதான்.

இன்னொண்ணு, இவ்வளவு பெரிய கணக்கு முடியறதுக்கே காரணம் சைட்டுக்கு ஒண்ணுங்கற அந்த எண்ணிக்கைதான், அங்க ‘சைன் பிராப்ளம்’ வராது. எலக்ட்ரானைக் கொஞ்சம் கூட்டினாலோ குறைச்சாலோ கூட்டுற எண்கள்ல பிளஸ்ஸும் மைனஸும் கலந்துரும், கம்ப்யூட்டர் நேரம் கன்னாபின்னான்னு எகிறும்.

இந்த மாற்றம் வழக்கமான காந்த மாற்றம் மாதிரியும் இல்ல. வழக்கமா ஆர்டர் பாராமீட்டர், அதாவது ஒழுங்கு எவ்வளவுன்னு சொல்ற அளவு, ஆடுற ஆட்டத்தை மட்டும் பாத்தா போதும், இங்க அதே புள்ளியில நிறையில்லாத ஃபெர்மியானும், அதாவது நம்ம டிராக் எலக்ட்ரானும், கூடவே ஆடுது. மாற்றம் முடிஞ்சதும் அதுக்கு நிறை வந்துருது, அந்த நிறைதான் கேப். துகள் இயற்பியல்ல 1974ல கிராஸும் நெவ்யூவும் எழுதின மாடலோட குடும்பம் இது. 2016ல அதே ஓட்சுகா, யுனோகி, சொரெல்லா அறுகோண லாட்டிஸையும், பை ஃப்ளக்ஸ்ங்கற காந்தப் பாயம் போட்டு அதே மாதிரி டிராக் புள்ளி வர வச்ச சதுர லாட்டிஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. எல்லை ஒண்ணுக்கு 3.85, இன்னொண்ணுக்கு 5.65, சம்பந்தமே இல்ல. ஆனா கிரிட்டிக்கல் எக்ஸ்பொனென்ட், அதாவது எல்லையை நெருங்கும்போது அளவுகள் எந்த அடுக்குல மாறுதுன்னு சொல்ற எண், ரெண்டுலயும் ஒண்ணு, நியூங்கற அந்த எண் 1.02 பக்கம். டிராக் எலக்ட்ரான் இல்லாத வழக்கமான மாற்றத்துக்கு, சராசரியை மட்டும் பாக்குற மீன் ஃபீல்ட் கணக்கு சொல்றது 0.5, எவ்வளவு தூரம் பாருங்க.

ஆனா அந்த 1.02ஐ வேதவாக்கா எடுத்துக்காதீங்க, எப்சிலான் விரிவு, பெரிய என் விரிவுன்னு பேப்பர்ல போடுற தோராயக் கணக்குகள் வேற வேற எண் தருது, அதுங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. 648ல இருந்து 2592க்குப் போனப்ப ஒரு கட்டமே காணாமப் போச்சே, லாட்டிஸ் இன்னும் பெருசானா இந்த எண் நகராதுன்னு நான் பந்தயம் கட்ட மாட்டேன். கேள்வி இருந்தா கேளுங்க.