வெங்களூர் ஏரிக்குக் கீழே ஒரு வகுப்பு

(காட்சி: பெங்களூரு, மடிவாளா சோமேஸ்வரர் கோயில். சுவரில் எழுத்து வரிசை.)

வணக்கம். கல்வெட்டை வெச்சு வரலாறு எப்படிச் சொல்லித் தரலாம்னு, ஒரு வாத்தியாரா மத்த வாத்தியாருங்களுக்குச் சொல்றேன். இந்த ஊர்ப் பிள்ளைங்ககிட்ட "பெங்களூருன்னு பேர் எப்படி வந்துச்சு?"ன்னு கேளுங்க. வேட்டைக்கு வந்து வழி தவறின ஹொய்சள ராஜா வீர பல்லாளனுக்கு ஒரு பாட்டி வெந்த பயறு குடுத்தாங்க, அதனால 'பெந்த காளூரு'ன்னு சொல்லுவாங்க. அழகான கதை. நான் மறுக்கவே மாட்டேன். இதே பெங்களூருல, பேகூர் நாகேஸ்வரர் கோயில்ல இருக்கிற வீரக்கல்லோட படத்தை மட்டும் நீட்டுவேன். பழைய கன்னடம். 'பெங்களூருப் போர்'ல செத்த ஒரு வீரனைப் பத்தின கல்.

(காட்சி: கரும்பலகை. 900. 1173.)

கல்லோட காலம் கிட்டத்தட்ட கி.பி. 900. பல்லாளன் பட்டத்துக்கு வந்தது 1173. ரெண்டு எண்ணையும் எழுதிட்டுப் பேசாம நிப்பேன். அந்த அமைதிதான் ரொம்பக் கஷ்டம், வாத்தியாருக்கு! கொஞ்ச நேரத்துல ஒரு குரல் வரும்: "சார், ராஜா வர்றதுக்கு முன்னாடியே பேர் இருக்கே!" முதன்மைச் சான்றுன்னா (அந்தக் காலத்துலயே உண்டான ஆதாரம்) என்னன்னு அதுக்கப்புறம் விளக்கினாப் போதும். பயறுக் கதையைத் தூக்கிப் போட வேண்டாம். பின்னால வந்தவங்க தங்க ஊரை எப்படி நினைச்சாங்கங்கறதுக்கு அதுவும் ஒரு சாட்சி.

இப்ப மடிவாளாவுக்கு வருவோம். இங்க சுவர்ல தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கு. அதுல ஒண்ணு வெங்களூர்ப் (பெங்களூரோட பழைய தமிழ்ப் பேர்) பெரிய ஏரிக்குக் கீழ இருக்கிற நிலத்தைப் பத்திச் சொல்லுது. நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ் தெரியும், ஆனா கல்லுல நேரா படிக்க வராது. எழுத்தோட வடிவம் வேற, நடுவுல வடமொழிச் சொல்லுக்குக் கிரந்த எழுத்து, மெய்க்குப் புள்ளி கிடையாது. அதனால அச்சுல இருந்து தொடங்குங்க. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை ரைஸ்ங்கற கல்வெட்டு அறிஞர் 1905லயே 'எபிகிராபியா கர்நாடிகா'ங்கற கல்வெட்டுத் தொகுப்போட ஒன்பதாம் தொகுதியா வெளியிட்டிருக்கார். ஒரு பக்கம் நகல் எடுத்து, நாலு பேருக்கு ஒண்ணாக் குடுங்க. எழுத்துக்கூட்டட்டும்.

ஒரே ஒரு சொல்லைப் பிடிச்சுக்குங்க: 'கீழ்'. நிலம் ஏன் ஏரிக்குக் கீழ இருக்கணும்? கரை, மதகு, வாய்க்கால்னு பலகையில வரைஞ்சு பாருங்க. தண்ணி தானா இறங்கிப் பாயிற இடம்தான் விலை போற நிலம். என் வகுப்புல ஒரு பையன், "அப்ப எங்க தெருவும் ஏரிக்குக் கீழதான் இருந்திருக்கும். மழை பெஞ்சா அங்கதான் தண்ணி நிக்குது"ன்னான். வரலாறு குடிமையியலா மாறின நிமிஷம் அது. கரையை அப்ப யார் பாத்துக்கிட்டாங்க, இப்ப யார் பொறுப்பு, வார்டு அலுவலகத்துல யாரைக் கேக்கணும்னு கேள்வி மேல கேள்வி.

இன்னொரு கேள்வியும் போடுங்க: குடுத்த நிலத்தை ஒருத்தன் பிடுங்கிக்கிட்டா என்ன ஆகும்? பழைய கொடைக் கல்வெட்டுகள் பலது கடைசியில சாபம் போடும், கங்கைக் கரையில பசுவைக் கொன்ன பாவம் வரும்னு. இன்னிக்கு அந்த இடத்துல பத்திரப் பதிவும் கோர்ட்டும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. சட்டம் எதுக்குன்னு அவங்களே சொல்லுவாங்க.

(காட்சி: அரசியலமைப்பு, உறுப்பு 51அ.)

இதையும் நோட்ஸ்ல இருந்து வேண்டாம், மூலத்துலயே படிக்க விடுங்க. அடிப்படைக் கடமைகள், 1976ல 42ஆவது திருத்தத்துல சேர்ந்தது. நம்ம கூட்டுப் பண்பாட்டோட பாரம்பரியத்தை மதிச்சுக் காப்பாத்தணும்னு அதுல ஒரு பிரிவு.

போன வருஷம் ஒரு கோயில்ல எழுத்து மேலயே சுண்ணாம்பு அடிச்சிருந்தாங்க. தொல்லியல் துறைக்கு மனு எழுதலாம்னு பாதிப் பேர், மாநகராட்சிக்குன்னு பாதிப் பேர். ஒரு பொண்ணு மட்டும், "முதல்ல பூசாரி மாமாகிட்ட பேசலாம் சார். என்ன எழுதியிருக்குன்னு அவருக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டாங்க"ன்னா. அச்சுப் பக்கத்தோட நகலை எடுத்துக்கிட்டு எல்லாரும் கிளம்பினோம்.