180 ரூபாய் கார்க் ஸ்க்ரூவும் மதுரை வெயிலில் சிவப்பு வைனும்

வணக்கம் மக்களே. கையில் என்ன இருக்கிறது, பாருங்கள். கார்க் ஸ்க்ரூ, பாட்டிலை அடைத்திருக்கும் கார்க்கைத் திருகி இழுக்கும் கருவி! இதற்காக நான் அலைந்த கதையைச் சொல்லாமல் இன்றைக்கு வைன் பக்கமே போகப்போவதில்லை. 21 வயது ஆகாதவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளுங்கள், உங்களுக்கு ஜிகர்தண்டா வீடியோ இருக்கிறது.

நான் வாங்குவதெல்லாம் திருகு மூடி போட்ட பாட்டில்தான் என்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை ஆயிரத்துக்குள் சிக்கிய நாசிக் சிவப்பு வைனுக்குக் கார்க் அடைத்திருந்தது. வீட்டில் பீர் ஓப்பனர் மட்டும்தான். சரி என்று விளக்குத்தூண் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் கேட்டால், இளநீரில் துளை போடும் கருவியை எடுத்து நீட்டினார் அண்ணாச்சி. அடுத்து ஒரு ஹார்டுவேர் கடை. "எத்தனை இன்ச் தம்பி?" என்று மர ஸ்க்ரூ டப்பாவைத் திறந்துவிட்டார்கள். கடைசியில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஃபேன்ஸி கடை, நெயில் கட்டர்களுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. 250 என்றார். 150க்குக் கேட்டேன். அவர் விலையில் இறங்கவில்லை, நான் கடைப் படியில் இறங்கினேன். "தம்பி, 180, அதுக்கு மேல பேசாதீங்க" என்று கூப்பிட்டார். எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடே தேவைப்படவில்லை.

வாங்கும்போது சுருளின் நடுவே ஒரு தீக்குச்சியை விட்டுப் பாருங்கள். நுழைய வேண்டும். நடுத்தண்டு கட்டியாக இருக்கும் ரகம் கார்க்கைப் பிய்த்து வைனுக்குள் தூளாகக் கொட்டும்.

இப்போது வைன். 'சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்' என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். எந்த ஊர் அறை? அந்த வழக்கம் ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் பிறந்தது, 16 முதல் 18 டிகிரிக் கணக்கு. நம் சமையலறை மே மாதத்தில் 35ஐத் தொடும். அந்தச் சூட்டில் எத்தனை விலை கொடுத்த வைனும் மூக்கில் சாராயமாகத்தான் ஏறும். மலிவு வைன் மோசம் என்று ஒதுக்குகிறவர்களில் பாதிப் பேர் அதைச் சூடாகக் குடித்தவர்கள் என்பது என் கட்சி. ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரமாவது வையுங்கள். அவசரமென்றால் பக்கெட்டில் ஐஸ், தண்ணீர், ஒரு கை கல் உப்பு. உப்பு சேர்ந்தால் ஐஸ் தண்ணீர் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும், தண்ணீர் பாட்டிலைச் சுற்றி ஒட்டி நிற்பதால் காற்றைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும். சிவப்புக்குப் பத்து நிமிடம், பீருக்கு இருபது. ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம். மறந்தால் பீர் உறைந்து, விரிந்து, பாட்டில் வெடிக்கும்.

தொட்டுக்கொள்ள மட்டன் சுக்கா. இந்த வைனோடு அது சேரவே இல்லை. துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகுக் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். நம் ஊர்க் காரத்துக்குக் கொஞ்சம் இனிப்பான வைன்தான் தோது. 'இனிப்பு வைன் எல்லாம் வைனா' என்று முகம் சுளிக்கும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் முன்னால் ஒரு தட்டு சுக்காவை வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறது, 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அறிந்த அதே ரகம். அதில் இனிப்பு வைன் கிடைத்தால் விடாதீர்கள், கறி தோசைக்கு அதுதான் ஜோடி.

அட, கார்க் ஸ்க்ரூவில் ஒன்றை விட்டுவிட்டேன். பாட்டில் வாயில் முட்டுக் கொடுக்கும் தகட்டில் இரண்டு படி இருக்கிறது பாருங்கள். முதல் படியில் பாதி கார்க், இரண்டாவதில் மீதி. ஒரு படி மட்டும் இருப்பதை நூறுக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சரி, விட்டேன்.

பீர். ஸ்ட்ராங் பீர் பற்றி என் கருத்து பழைய ஆட்களுக்குத் தெரியும்: ஆல்கஹாலை 8 சதவீதம் வரை ஏற்றி வைத்திருப்பார்கள், சீக்கிரம் ஏறும், ருசி கிடையாது. 5 சதவீத லாகர் வகைப் பீர்தான் நமக்கு. 650 மில்லி பெரிய பாட்டிலில் கடைசிக் கால்வாசி சூடேறிவிடுகிறது, அதனால் தனியாகக் குடிப்பவர்களுக்கு பைன்ட் என்கிற சின்ன பாட்டில் போதும். வாங்கும் இடத்திலேயே தேதியைத் திருப்பிப் பாருங்கள், புதியதாக இருந்தால் பாதி ஜெயம். பச்சைக் கண்ணாடி பார்க்க அழகு, ஆனால் வெயில் பட்டால் உள்ளே ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கெட்டு ஒரு நாற்றம் வரும். பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கும். கூடவே காரச்சேவு, நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை. சிப்ஸ் பாக்கெட்டை என் வீட்டுப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

மிச்ச வைனை அதே கார்க்கால் அடைத்து ஃபிரிட்ஜில் நிற்க வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் புளித்திருந்தால் மட்டன் ஊறவைக்கும் சட்டியில் ஊற்றிவிடுங்கள், வீட்டில் சொல்லிவிட்டு.